வாயில்லாச் சீவனும் வைத்தியரும்

"வாயில்லாச் சீவன்" என்று ஆட்டையும் மாட்டையும் இரக்கத்தோடு சொல்கிறோம். வாய் இல்லாமலா அவை மேய்கின்றன? பேச்சு இல்லை என்பதையே அப்படிச் சொல்கிறோம். மனிதருக்கு வைத்தியம் பார்க்கும் மருத்துவர் முதலில், "உடம்புக்கு என்ன?" என்று கேட்கிறார். எங்கே வலிக்கிறது, எப்போது தொடங்கியது, நேற்று என்ன சாப்பிட்டோம் என்பதையெல்லாம் நோயாளியே சொல்லிவிடுகிறார். பாதி நோய் அந்தப் பேச்சிலேயே பிடிபட்டுவிடும். கால்நடை மருத்துவருக்கு இந்த வசதி கிடையாது. அவருடைய நோயாளி பதில் சொல்வதில்லை. கிட்டே போனால் உதைப்பதும் உண்டு. வெப்பமானியும் இரத்தப் பரிசோதனையும் பிற்பாடு வருபவை. அவற்றுக்கு முன் அவருக்குக் கிடைக்கும் சான்று அந்த விலங்கின் நடத்தைதான். அது நின்ற நிலை, நடந்த நடை, தீவனத்தை முகர்ந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்ட விதம், மந்தையை விட்டு ஒதுங்கிய நேரம் ஆகியவையே அதன் வாக்குமூலம்.

விலங்கியல் மாணவர்களாகிய நாங்கள் நடத்தையியலை ஒரு பாடமாகப் படிக்கிறோம். தேனீ நடனமாடித் தன் கூட்டத்தாருக்குப் பூ இருக்கும் திசையைச் சொல்வதும், முட்டையிலிருந்து வந்த வாத்துக் குஞ்சு முதலில் கண்ட உருவத்தைத் தாயாகக் கொண்டு பின்தொடர்வதும் அதில் வருகின்றன. தேர்வு முடிந்ததும் அவற்றை மறந்துவிடுகிறோம். ஆனால் இவற்றையெல்லாம் ஆராய்ந்த கார்ல் ஃபான் ஃபிரிஷ், கோன்ராட் லோரென்ஸ், நிக்கோ டின்பர்கன் ஆகிய மூவருக்கும் 1973-ஆம் ஆண்டு நோபல் பரிசு எந்தத் துறையில் கிடைத்தது தெரியுமா? உடலியங்கியல் அல்லது மருத்துவத் துறையில்! பறவையையும் மீனையும் பூச்சியையும் பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு மருத்துவப் பரிசா என்று அன்று வியந்தவர்கள் பலர் இருந்திருப்பர். தொழுவத்தில் நின்று பார்த்தவர்களுக்கு அதில் வியப்பு இராது. நடத்தையும் மருத்துவமும் வெவ்வேறு என்று பாடநூல்கள் பிரித்து வைத்திருக்கின்றன. மாட்டின் உடம்பில் அவை பிரிந்திருப்பதில்லை. இதனை எடுத்துக்காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

நோயுற்ற விலங்கு என்ன செய்கிறது? தின்னாது, குடிக்காது, ஓரமாகப் படுத்துக்கொள்ளும், தன் உடம்பை நக்கிச் சுத்தம் செய்துகொள்வதையும் விட்டுவிடும். இவையெல்லாம் நோயால் வந்த தளர்ச்சி என்றே நெடுங்காலம் எண்ணப்பட்டது. அமெரிக்கக் கால்நடை மருத்துவ அறிஞர் பெஞ்சமின் ஹார்ட் 1988-ஆம் ஆண்டு வெளியிட்ட கட்டுரையில் இதற்கு வேறு விளக்கம் தந்தார். இது தளர்ச்சி மட்டுமன்று, நோயை எதிர்க்க உடல் வகுக்கும் ஒரு திட்டம் என்றார் அவர். காய்ச்சல் கிருமியின் பெருக்கத்தைத் தடுக்க உதவுகிறது. ஆனால் உடல் வெப்பம் ஒரு பாகை செல்சியஸ் உயர்ந்தால் உடலின் ஆற்றல் செலவு பத்து விழுக்காட்டுக்கு மேல் கூடுகிறது. அந்தச் செலவை ஈடுகட்ட வேண்டுமானால் அலைந்து திரிவதை நிறுத்த வேண்டும். உடலை ஒடுக்கிப் படுத்து வெப்பத்தைக் காக்க வேண்டும். பசி குறைந்தால் தீனி தேடி அலையும் வேலை மிச்சம். கிருமிக்கு வேண்டிய இரும்புச் சத்தும் வயிற்றின் வழியே புதிதாக வந்து சேராது. வெள்ளணுக்கள் சுரக்கும் சில வேதிப்பொருள்கள் மூளைக்குச் செய்தி அனுப்ப, மூளை இந்த நடத்தையைத் தொடங்கி வைக்கிறது.

இதற்குச் சான்றாக ஒரு பல்லியின் கதையைச் சொல்லலாம். பாலைவன இகுவானா என்பது அமெரிக்கப் பாலைநிலத்தில் வாழும் ஓணான் போன்றதொரு பிராணி. குளிர் இரத்தப் பிராணியாகையால் நம்மைப் போல் உள்ளிருந்து காய்ச்சலை உண்டாக்க அதனால் இயலாது. மாத்யூ க்ளூகரும் அவருடைய குழுவினரும் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் 1974, 1975-ஆம் ஆண்டுகளில் வெளியிட்ட ஆய்வுகளின்படி, உடலில் கிருமி செலுத்தப்பட்ட இப்பல்லிகள் தாமாகவே நகர்ந்து வழக்கத்தை விட வெப்பமான இடத்தைத் தேடிக்கொண்டன. வெப்பத்தில் இருந்தவற்றுள் பெரும்பாலானவை பிழைத்தன. குளிர்ந்த இடத்தில் வைக்கப்பட்டவற்றுள் பெரும்பாலானவை மாண்டன. மருந்துக் கடைக்குப் போகத் தெரியாத பிராணி வெயிலுக்குப் போயிற்று. அதன் நடத்தையே அதற்கு மருந்து.

ஆனால் எல்லா விலங்குகளும் தம் நோயை இப்படி வெளிப்படையாகக் காட்டிக்கொள்வதில்லை. மாடும் ஆடும் குதிரையும் முயலும் காட்டில் பிற விலங்குகளுக்கு இரையாக வாழ்ந்த இனங்களின் வழிவந்தவை. நொண்டுகிற மானைத்தான் செந்நாய்க் கூட்டம் முதலில் குறிவைக்கும். ஆகவே வலியை மறைப்பது இவற்றின் இயல்பாகிவிட்டது. புதிய ஆள் தொழுவத்துள் நுழைந்ததும் நோயுற்ற மாடு காதை விறைத்துத் தலையைத் தூக்கி நலமுள்ளது போல் நிற்பதைப் பல மருத்துவர்கள் பார்த்திருப்பர். அதனால்தான் அனுபவமுள்ள மருத்துவர் வந்தவுடன் மாட்டைத் தொடுவதில்லை. தொலைவில் நின்று சிறிது நேரம் பார்க்கிறார். பார்க்கத் தெரிந்தவர்களுக்கு முகமே சொல்லும். சுண்டெலியின் முகத்தில் வலியை அளக்கும் ஓர் அளவுகோலை 2010-ஆம் ஆண்டு ஆய்வாளர்கள் வகுத்தனர். கண் இடுங்குதல், காது பின்வாங்குதல் போன்றவற்றுக்கு மதிப்பெண் இடும் முறை அது. பின்னர் 2014-இல் குதிரைக்கும், 2019-இல் பூனைக்கும் இத்தகைய அளவுகோல்கள் வந்தன.

எங்கள் அப்பாயிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. மதிப்பெண் போடவும் தெரியாது. ஆனால் இரவு படுக்குமுன் கட்டுத்தறிப் பக்கம் ஒருமுறை போய் நின்றுவிட்டு வருவார். "செவலை இன்னும் அசைபோடலை" என்று அவர் சொன்னால் மறுநாள் மருத்துவமனைக்குப் போக வேண்டியிருக்கும் என்பது எங்கள் வீட்டில் எல்லாருக்கும் தெரியும். நலமுள்ள கறவை மாடு நாளொன்றுக்கு ஏறத்தாழ ஏழெட்டு மணி நேரம் அசைபோடுகிறது. வயிற்றில் கோளாறு, காய்ச்சல், வலி என எது வந்தாலும் முதலில் குறைவது இதுதான். இன்று பெரிய பண்ணைகளில் மாட்டின் கழுத்துப் பட்டையில் ஒரு சிறு கருவியைக் கட்டி, அது எத்தனை நிமிடம் அசைபோட்டது என்று கணிப்பொறியில் கணக்கெடுக்கிறார்கள். நல்ல கருவிதான். ஆனால் இரண்டு மாடு வைத்திருப்பவர் அதை வாங்க வேண்டியதில்லை என்பது என் கருத்து.

நடத்தையைத் தவறாகப் படித்தால் உயிருக்கே ஆபத்தாகவும் முடியும். 2019-ஆம் ஆண்டு நான் பள்ளியில் படித்தபோது எங்கள் தெருவில் நடந்ததொன்றைச் சொல்கிறேன். ஒரு வீட்டில் இருந்த கலப்பினக் கறவைப் பசு இரண்டு நாளாக ஓயாமல் கத்தியது. பக்கத்தில் கட்டியிருந்த மாட்டின் மீது தாவியது. தீவனம் எடுக்கவில்லை. "காளைக்குக் கத்துது" என்று எல்லாரும் சொன்னார்கள். சினை ஊசி போட ஆள் சொல்லியனுப்பவும் செய்தார்கள். மூன்றாம் நாள் வாயிலிருந்து எச்சில் நூலாக ஒழுகிற்று. தண்ணீர் குடிக்க முயன்று முடியாமல் தலையை உதறியது. உடனே பேச்சு மாறிற்று: "தொண்டையில் ஏதோ அடைச்சிருக்கு, மாங்கொட்டையா இருக்கும்." வீட்டுக்காரர் வாய்க்குள் கையை விட்டுத் துழாவிப் பார்த்தார். ஒன்றும் அகப்படவில்லை.

அன்று மாலை அரசு கால்நடை மருத்துவர் வந்தார். வீட்டுக்காரர், "சார், நீங்க ஒருதரம் கையை விட்டுப் பாருங்க" என்று கெஞ்சினார். மருத்துவர் அருகிலேயே போகவில்லை. எதிர்த் திண்ணையில் நின்று பத்து நிமிடம் பார்த்தார். பசுவின் குரல் கம்மிப் போயிருந்தது. பருவத்திற்கு வந்த பசுவின் கத்தல் அப்படி உடைந்து வராது. திரும்பும்போது பின்னங்கால்கள் தள்ளாடின. சாணி போட முக்கி முக்கி ஏமாந்தது. "ரெண்டு மூணு மாசத்துக்குள்ள இதை நாய் எதுவும் கடிச்சுதாங்க?" என்று கேட்டார். வீட்டுக்காரருக்கு நினைவில்லை. அவருடைய சிறுமிதான், "புரட்டாசியிலே மேய்ச்சல்ல ஒரு நாய் மூஞ்சியைக் கடிச்சுதே அப்பா" என்றாள். மருத்துவர் அதற்குமேல் பசுவைப் பற்றிப் பேசவில்லை. வாய்க்குள் கைவிட்டவர் யார், எச்சில் பட்டவர்கள் யார் யார் என்று பெயர் எழுதிக்கொண்டு, அங்கேயே கை கால்களைச் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் ஓடும் நீரில் கழுவ வைத்து, அன்றைக்கே அரசு மருத்துவமனைக்கு அனுப்பினார். பசு அடுத்த இரண்டு நாளில் விழுந்து இறந்தது. மூளைத் திசு பரிசோதனைக்குப் போயிற்று. வெறிநோய் என்று முடிவு வந்தது. தடுப்பூசி போட்டுக்கொண்டவர்கள் அனைவரும் இன்று நலமாக இருக்கிறார்கள்.

வெறிநோயின் அறிகுறிகள் தோன்றிய பின் மனிதராயினும் மாடாயினும் ஏறக்குறைய எவரும் பிழைப்பதில்லை. ஆகவே அன்று அந்தத் திண்ணையில் நின்று பார்த்த பத்து நிமிடம்தான் அந்த வீட்டாரைக் காத்தது. வெறிநோய் பிடித்த மாடு, பருவத்திற்கு வந்தது போலக் கத்துவதும் தாவுவதும், தொண்டை வாதத்தால் விழுங்க முடியாமல் அடைப்பு வந்தது போலத் தோன்றுவதும் கால்நடை மருத்துவ நூல்கள் கூறும் செய்திகளே. நாயிலும் இப்படித்தான். வெறிகொண்டு கடிக்கும் நாயை எல்லாரும் அறிவர். ஊமை வகை வெறிநோயில் நாய் கடிக்க வராது; தாடை தொங்கி, ஓரமாகக் கிடக்கும். எலும்பு சிக்கிக்கொண்டது என்று எண்ணி, பரிவோடு வாயைத் திறந்து பார்ப்பவருக்கே அங்கு ஆபத்து.

கடித்த நாயைப் பத்து நாள் கவனித்துப் பார் என்று மருத்துவர்கள் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். இது வெறும் வழக்கமன்று. நடத்தையை மருத்துவச் சான்றாகக் கொள்ளும் முறை. கடிவாயில் புகுந்த நச்சுயிரி நரம்பு வழியே மூளைக்குச் சென்று, அங்கிருந்து உமிழ்நீர்ச் சுரப்பிக்கு இறங்குகிறது. நாயின் எச்சிலில் நச்சுயிரி தோன்றிய சில நாள்களுக்குள் அதன் நடத்தை மாறிவிடும், நாயும் இறந்துவிடும். பத்து நாளுக்குப் பின்னும் நாய் வழக்கம்போல் வாலாட்டித் தின்றுகொண்டிருந்தால், கடித்த அன்று அதன் எச்சிலில் நோய் இல்லை என்று துணியலாம். ஆனால் நாயைப் பார்த்துக்கொண்டு தடுப்பூசியைத் தள்ளிப்போடலாகாது. கடிபட்ட அன்றே ஊசியைத் தொடங்கிவிட வேண்டும். வெறிநோய்க்கென்றே 1907-ஆம் ஆண்டு குன்னூரில் பாஸ்டர் நிலையம் நிறுவப்பட்ட மாநிலம் நம்முடையது. அப்படியிருந்தும் கடிவாயில் மஞ்சளும் சுண்ணாம்பும் அப்பிக்கொண்டு வீட்டில் இருப்பவர்களை இன்னும் பார்க்க முடிகிறது.

இதுவரை, நடத்தை நோயைக் காட்டுவதைப் பார்த்தோம். இதன் மறுபக்கமும் உண்டு. அச்சம் என்னும் நடத்தை உடலையே மாற்றி, மருத்துவரை ஏமாற்றிவிடும். மிரண்ட மாட்டின் நாடித்துடிப்பும் வெப்பமும் உயர்கின்றன. கூடையில் அடைத்து, பேருந்தில் ஏற்றி, நாய்கள் குரைக்கும் மருத்துவமனைக்குக் கொண்டுவந்த பூனையின் இரத்தத்தில் சர்க்கரை ஏறிவிடுகிறது. நீரிழிவு நோய் இல்லாத பூனையும் அன்று நீரிழிவு நோயாளியைப் போல் தோன்றும். அச்சம் தணிந்தபின் மறுபடியும் பார்த்தால்தான் உண்மை தெரியும்.

கறவையில் இது இன்னும் தெளிவு. கன்று முட்டியதும் அல்லது மடியைக் கழுவித் தடவியதும் மூளையடிச் சுரப்பியிலிருந்து ஆக்சிடோசின் இரத்தத்தில் கலந்து மடியை அடைகிறது. பால் இறங்குவது அதனால்தான். இதன் வேகம் சில நிமிடங்களே நிற்கும். அதற்குள் கறந்துவிட வேண்டும். 1941-ஆம் ஆண்டு அமெரிக்காவில் எலி, பீட்டர்சன் என்ற இருவர் செய்த சோதனை வேடிக்கையானது. (எலி என்பது அந்த அறிஞரின் பெயர்; நம் வீட்டு எலியன்று!) கறக்கும் நேரத்தில் பசுவின் முதுகில் பூனையை விட்டும், காகிதப் பைகளை ஊதி வெடித்தும் அதை மிரட்டினார்கள். பசு பாலை விடவில்லை. அச்சத்தில் சுரக்கும் அட்ரினலின், பாலிறக்கும் சுரப்புநீரின் வேலையைத் தடுத்துவிடுகிறது என்று கண்டனர். மாடு பாலை "அடக்கிக்கொள்கிறது" என்று நம் மக்கள் சொல்வதற்கு உடலியல் விளக்கம் இதுவே. அடக்கிக்கொள்ளும் மாட்டை அடிப்பது எவ்வளவு அறிவீனம் என்பதும் இதிலிருந்து விளங்கும். அடி விழ விழ அட்ரினலின் கூடும். மடியில் பால் தேங்கும். மடிநோய்க்கு அது வழி திறந்துவிடும். கன்று இறந்துபோனால் அதன் தோலுக்குள் வைக்கோலை அடைத்துத் தாய்ப்பசுவின் முன் நிறுத்திக் கறந்தார்களே, அவர்கள் ஆக்சிடோசின் என்ற பெயரைக் கேட்டதில்லை. அதன் வேலையை அறிந்திருந்தார்கள்.

டின்பர்கன் 1963-ஆம் ஆண்டு, எந்த நடத்தையையும் நான்கு கேள்விகளால் ஆராய வேண்டும் என்றார். உடனடிக் காரணம் என்ன? அந்த விலங்கு வளர்ந்த வரலாற்றில் அது எப்படி உண்டாயிற்று? அதனால் என்ன பயன்? அதன் மூதாதையரிடமிருந்து அது எவ்வாறு வந்தது? உதைக்கும் மாட்டுக்கு இவற்றைப் பொருத்திப் பாருங்கள். காம்பில் வெடிப்போ மடியில் வீக்கமோ இருக்கலாம். முந்தைய கறவைக்காரரிடம் அடிபட்டு வளர்ந்திருக்கலாம். பின்புறத்திலிருந்து வரும் எதனையும் உதைத்து விரட்டுவது அதன் முன்னோருக்கு உயிர் காத்த வழியாகவும் இருந்திருக்கலாம். மாட்டின் கண்கள் பக்கவாட்டில் அமைந்திருப்பதால் ஏறத்தாழ தன்னைச் சுற்றி எல்லாவற்றையும் அது காணும். நேர் பின்புறம் மட்டும் தெரியாது. அங்கிருந்து ஊசியோடு வருபவர் அதற்குப் புலி! டெம்பிள் கிராண்டின் என்ற அமெரிக்க அம்மையார் மாடு காணும் விதத்தையும் மிரளும் தொலைவையும் பல்லாண்டு கவனித்து, அவை மிரளாமல் நடந்து செல்லும் வளைந்த பாதைகளை வடிவமைத்தார். நம் ஊர்க் கோமாரித் தடுப்பூசி முகாமில் நாலு பேர் கூச்சலிட்டு, வாலை முறுக்கி, மூக்கணாங்கயிற்றை இழுத்துச் செய்யும் வேலையை, பழகிய ஒருவர் கழுத்தைச் சொறிந்துகொண்டே செய்துவிடுவதையும் நான் பார்த்திருக்கிறேன்.

சினைப்பருவத்தைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும், ஏனெனில் குடும்பத்தின் வருமானம் அதில் இருக்கிறது. பசு ஏறத்தாழ 21 நாளுக்கு ஒருமுறை பருவத்திற்கு வருகிறது. அது ஒரு நாள் கூட நீடிப்பதில்லை. காலையில் பருவ அறிகுறி கண்டால் மாலையிலும், மாலையில் கண்டால் மறுநாள் காலையிலும் சினை ஊசி போட வேண்டும் என்ற விதி 1948-இல் டிரிம்பர்கர் செய்த ஆய்வை ஒட்டியது. ஊசி போடுபவர் எவ்வளவு திறமையானவராக இருந்தாலும் வீட்டார் அந்த நேரத்தைக் கவனித்துச் சொல்லாவிட்டால் பயனில்லை. எருமையின் பாடு இன்னும் தொல்லை. அது கத்தாமலே பருவத்திற்கு வரும், அதுவும் பெரும்பாலும் இரவில். ஊமைப் பருவம் என்பார்கள்.

நலத்தை நோயென்று எண்ணிய கதையும் உண்டு. கென்யாவின் அம்போசெலியில் ஆப்பிரிக்க யானைகளை ஆராய்ந்துகொண்டிருந்த ஜாய்ஸ் பூல், சிந்தியா மாஸ் என்னும் அம்மையார் இருவர், சில ஆண் யானைகளுக்குச் சிறுநீர் இடைவிடாமல் சொட்டுவதைக் கண்டு முதலில் ஏதோ நோய் என்றே எண்ணினர். அந்த யானைகளின் சண்டைக் குணம், கன்னத்தில் வழியும் நீர், பெண் யானைகளைத் தேடி அலைதல் ஆகியவற்றைச் சேர்த்துப் பார்த்த பிறகே அது மதம் என்று தெளிந்து 1981-இல் வெளியிட்டனர். நம் தமிழ்த்துறை மாணவர் எவரையேனும் கேட்டிருந்தால் மதநீர் என்று உடனே சொல்லியிருப்பார்! முதுமலை முதலிய யானை முகாம்களில் பணியாற்றிய வனத்துறைக் கால்நடை மருத்துவர் டாக்டர் வி. கிருஷ்ணமூர்த்தியை அறியாத தமிழ் வாசகர்கள் குறைவு. ஜெயமோகனின் "யானை டாக்டர்" கதை அவரைப் பற்றியதே. யானையின் பழக்கங்களைக் காட்டில் பார்த்துக் கற்று, அக்கல்வியைச் சிகிச்சைக்குப் பயன்படுத்தியவர் அவர். மதம் கொண்ட யானைக்கு மருந்தைவிட இடைவெளியும் பொறுமையும் தேவை என்பதை யானைப் பாகர்கள் நன்கறிவர்.

மேனாடுகளில் நடத்தை மருத்துவம் இன்று கால்நடை மருத்துவத்தின் தனிப் பிரிவாகவே வளர்ந்துவிட்டது. தனிமையில் விடப்பட்டால் கதவைப் பிறாண்டிக் குரைத்து ஓயும் நாய்களுக்கு மனச்சோர்வு மருந்துகளைக் கூடத் தருகிறார்கள். மருந்து மட்டும் போதாது, நாயைச் சிறிது சிறிதாகத் தனிமைக்குப் பழக்கவும் வேண்டும் என்று அந்த மருத்துவர்களே வலியுறுத்துகின்றனர். ஒருநாள் திடீரெனக் கடிக்கத் தொடங்கிய நாய்க்கு அவர்கள் முதலில் பார்ப்பது குணத்தை அன்று. காதையும் பல்லையும் மூட்டையும்தான்.

நம்மில் பலருடைய வீடுகளில் மாடோ ஆடோ இருக்கிறது. மருத்துவருக்குத் தொலைபேசியில் சொல்லும்போது, "மாட்டுக்கு உடம்பு சரியில்லை" என்பதோடு நிறுத்திவிடுகிறோம். கடைசியாக எப்போது அசைபோட்டது, படுத்து எழும்போது எந்தக் காலை ஊன்றத் தயங்கியது, சாணியும் சிறுநீரும் எப்படி, தண்ணீர்த் தொட்டிக்குப் போய்க் குடிக்காமல் திரும்பிற்றா, கறப்பவரோ தீவனமோ கட்டும் இடமோ அண்மையில் மாறியதா என்பவற்றைச் சொன்னால் அவர் எந்த மருந்தை எடுத்து வர வேண்டும் என்பதை அங்கேயே முடிவு செய்வார். குரல் மாறிக் கத்தி, எச்சில் ஒழுக்கும் மாடாயின், வாயில் கை வைக்காமல் விலகி நின்று, சில மாதங்களுக்குள் நாய் கடித்ததா என்பதை வீட்டுச் சிறுவர்களிடமும் கேட்டு வைக்க வேண்டும். மேய்ச்சலில் நடந்தது பெரியவர்களை விட அவர்களுக்குத்தான் அதிகம் தெரியும்.